வாசலில் வைத்த மூட்டை

என் வீட்டுக்காரிக்கு,

மகளும் குழந்தையும் சௌக்கியமா? நம் கடை எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். நீ வந்ததும் பேசலாம்.

இன்று பகலில் நான் வீட்டில்தான் இருந்தேன். நம் சகோதரர் சங்கத்து ஆட்கள் இருவர் வாசலில் ஒரு மூட்டையை வைத்துவிட்டு நடந்தார்கள்.

"தம்பி, வீடு மாறி வெச்சுட்டீங்க! பக்கத்து வீட்டு டிரைவருக்குத்தானே வேலை போச்சு?" என்று கத்தினேன்.

அவர்கள் திரும்பவே இல்லை. நடையை எட்டிப் போட்டார்கள்.

பிள்ளைகள் படிப்புக்கோ, நொடித்துப்போன உறுப்பினர் வீட்டுக்கோ உதவி கொண்டுபோகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது, வாங்குகிறவர் கூசிப்போவார் என்று சங்கத்தில் விதி போட்டவனே நான்தான். அப்புறம்தான் உறைத்தது. நான் கத்தியது காதில் விழுந்து டிரைவர் மனைவி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

வரும்போது அரிசி வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்