வட்டிக்குள் குடியிருக்க முடியுமா?

என் செல்லச் சண்டைக்காரத் தம்பி சிவத்துக்கு,

நீ ஜெயித்துவிட்டாய். பெரகலச் சந்திக்குக் கீழே நீ வாங்கிப்போட்ட காணிக்கு இப்போது போட்டி போட்டுக்கொண்டு விலை கேட்கிறார்கள். நீ கண்ணை மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ள நீ இல்லையே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எத்தனை ஞாயிற்றுக்கிழமை இதற்காகவே சண்டை போட்டிருப்போம்! பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்றபோது கையில் கிடைத்த பணத்தை நான் வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டேன். நீயோ காலமெல்லாம் தேயிலை லொறி ஓட்டிச் சேர்ந்த ஈ.பி.எஃப். காசு முழுவதையும் மண்ணில் போட்டாய்.

"காணிய வச்சு என்னடா பண்ணப் போற? மாத்திரை வாங்கணும்னா மண்ண வெட்டி விப்பியா?" என்பேன்.

"வட்டிக்குள்ள குடியிருக்க முடியுமாக்கா?" என்பாய்.

சாமானெல்லாம் விலையேறி, என் வட்டி அரிசி பருப்போடு தீர்ந்துபோன காலத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். ஆனால் போகும்போது ஒரு மூட்டை அரிசியை இறக்கி வைத்துவிட்டுத்தான் போனாய்.

தோட்டத்துக்குச் சொந்தமான லயத்து வரிசை வீட்டில் பிறந்த நமக்குச் சொந்த மண் என்றால் ஆசை வராதா? வரும். ஆசை வேறு, வயதான காலத்துக்குச் சேமிப்பது வேறு என்று இப்போதும் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. நெஞ்சு வலிக்கு டாக்டர் டெஸ்ட் எடுக்கச் சொன்னதை, அந்தக் காணியில் வீட்டுக்கு அத்திவாரம் போட்டு முடியட்டும் என்று தள்ளிப்போட்டாயாமே. ஏன்டா என்னிடம் கேட்கவில்லை? இந்த வட்டிக்காரியிடம் போய்க் கை நீட்டுவதா என்ற ரோஷமா?

இப்போது பதுளையில் நான் இருக்கும் வாடகை அறையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். உன் காணி எனக்குத்தான் வந்திருக்கிறது. அதை விற்று வங்கியில் போட்டால் கடைசிவரை கவலையில்லாமல் வாடகை கட்டலாம். கொடுத்துவிடும் முடிவோடுதான் போன வாரம் பண்டாரவளை முதலாளி ஒருவரை அங்கே கூட்டிப்போனேன்.

பக்கத்துக் காணியில் வேலை செய்துகொண்டிருந்த மேசன் பாஸ் என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். உனக்கு அத்திவாரம் போட்டவர் அவர்தானாம். ஒரு மூலையைக் காட்டினார்.

"டீச்சர், இதுதாங்க ஒங்க ரூம். அக்கா ரூமுக்கு மட்டும் செவுர கூரை வரைக்கும் ஏத்திக் கட்டணும்னு தம்பி சொல்லிக்கிட்டே இருந்தாருங்க."

அங்கே வந்து இருப்பேன் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லையே, தம்பி.

நம் லயத்துச் சுவர் பாதியிலேயே நின்றுவிடும். பக்கத்து வீட்டில் இருமினாலும் நமக்குக் கேட்கும், இங்கே அழுதால் அவர்களுக்குக் கேட்கும். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு நான் பரீட்சைக்குப் படித்தேன். நீ அப்போது இத்தனூண்டுப் பையன். அதையெல்லாமா பார்த்து வைத்திருந்தாய்?

"என்ன டீச்சர், பேசி முடிச்சிருவமா?" என்றார் முதலாளி.

"மன்னிச்சுக்கங்க, விக்கிறதா இல்ல" என்றேன்.

வைப்பில் பாதியை எடுத்து அந்த ஒரு அறையைக் கட்டப் போகிறேன். மீதி வங்கியிலேயே இருக்கும். மாத்திரைக்கு வட்டி வேண்டும், அதில் மட்டும் உன்னிடம் தோற்க மாட்டேன்.

இங்கே எனக்கும் வீட்டுக்காரர்களுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். அதனால் நீ போனதிலிருந்து நான் சத்தமாக அழவே இல்லை. அந்தச் சுவர் கூரையைத் தொட்டதும், கதவைச் சாத்திக்கொண்டு உன் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுவேனடா, சிவம். யாருக்கும் கேட்காது.

உன்னோடு சண்டை போட இன்னும் ஆசையாக இருக்கும்,
உன் அக்கா