பூச்சியம் போட்ட ஆறு நாள்

பேராதனை,
20.12.1987

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

ஒரு புதினம். புள்ளிவிபரவியல் வகுப்பில், சராசரி கணிக்கக் கண்டி மழைப் பதிவேடு ஒன்றைக் கொடுத்தேன். 83 ஜூலைக் கடைசியில் ஆறு நாளும் பூச்சியம். ஏழாம் நாள் பெருமழை. எப்படி என்று கேட்டேன். கண்டி மஹய்யாவவில் வளர்ந்த மாணவி கிறேஸ் எழும்பினாள்.

"சேர், அப்ப கலவரம், ஊரடங்கு. மழை பேஞ்சிச்சு, அளக்கத்தான் ஆள் வரல. எல்லாத் தண்ணியையும் கடைசியில ஒண்ணா அளந்திருக்காங்க."

அவை மழையில்லாத நாட்களல்ல, தெரியாத நாட்கள். பூச்சியங்களை அழித்து வெறுமையாக விடச் சொன்னேன்.

நீங்கள் தந்த பனங்கட்டி முடிந்துவிட்டது, அவசரமில்லை. அங்கு சண்டை தொடங்கித் தபால் நின்றதிலிருந்து, இரண்டு மாதமாக உங்கள் கடிதம் இல்லை. நான் பூச்சியம் போடவில்லை, அம்மா. தபால் ஓடத் தொடங்கியதும் எல்லா நாளையும் சேர்த்து எழுதுங்கள்.

இதை உங்களிடம் கொண்டுவரும் நண்பரின் பஸ் வந்துவிட்டது.

மகன்,
பரமநாதன்