புளிப்பில்லாத சொல்

மார்ச் 3
எங்கள் ஆங்கில–தமிழ் அகராதியின் இரண்டாம் பதிப்பு இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. வாசகர் கடிதங்கள் கிடந்த இழுப்பறையை இன்றுதான் திறந்தேன். ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவரிடமிருந்து மட்டும் ஆறு, வருடத்துக்கு ஒன்று, ஜனவரிதோறும். எல்லாம் 'அசீடியா' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி. மதச் சொல் என்றதும் பிரசங்கம் என்று நினைத்து, படிக்காமலே அச்சிட்ட அட்டையை அனுப்பியிருக்கிறேன்: "தங்கள் கருத்து பரிசீலனையில் உள்ளது." ஆறு முறை!

மார்ச் 4
படித்தேன். "முப்பது வருடம் பல் பார்த்தவன் அம்மா, புளிப்பு என்ன செய்யும் என்று தெரியும். இந்தச் சொல்லில் புளிப்பே கிடையாது."
புளிப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்தான் இதற்கு மூலம் என்று முதல் பதிப்பில் எழுதியவள் நான்.

மார்ச் 5
கிரேக்க அகராதியைத் தூசி தட்டினேன். 'அ' என்றால் இல்லை. 'கேடோஸ்' என்றால் அக்கறை. இரண்டும் சேர்ந்து லத்தீன் வழியாக 'அசீடியா' ஆனது: அக்கறையின்மை. நடுப்பகலில் அந்தக் காலக் கிறிஸ்தவத் துறவிகளைப் பிடிக்கும் சலிப்பு – ஜெபம் ஓடாது, ஜன்னலையே பார்ப்பார்களாம். புளிப்பு பிற்காலத்தில் யாரோ ஒட்டவைத்த கதை. அதைப் போய் நம்பியிருக்கிறேன். கடவுளையே நம்பாதவள்!

மார்ச் 9
ஒன்றும் செய்யவில்லை. திருத்தப் படிவத்தில் 'தவறு செய்தவர்' என்று ஒரு கட்டம். இருபத்திரண்டு வருடத்தில் என் பெயர் அதில் ஏறியதில்லை. விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்?
அவருக்குத் தெரியும். ஆனால் ஜனவரியில் வர வேண்டிய கடிதம் இந்த வருடம் வரவில்லை. எனக்கென்ன? – என்னவோ செய்கிறது.

மார்ச் 12
தங்கையிடம் போனில் சொன்னேன். "நீயா? தப்பா? இரு, காலண்டர்ல வட்டம் போட்டுக்கறேன்." சிரித்து முடித்துவிட்டு, "அந்த மனுஷன் உயிரோட இருக்காரான்னாவது பாத்தியாக்கா?"

மார்ச் 13
படிவத்தில் என் பெயரை எழுதித் தலைமைப் பதிப்பாசிரியரிடம் நீட்டினேன்.
"இந்தச் சொல்லை யாரும்மா தேடப்போறா?"
"ஒருத்தர் ஆறு வருஷமா தேடறார் சார்."
கையெழுத்துப் போட்டார். மருத்துவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அட்டை இல்லை, என் கையால்.

மார்ச் 19
பதில் இல்லை. ஜன்னல் வழியாக மூன்று முறை எட்டிப் பார்த்தேன். தபால் வருவது ஒரு முறைதான்.

மார்ச் 24
வந்தது! உறைக்குள் என் பழைய அட்டை: "தங்கள் கருத்து பரிசீலனையில் உள்ளது." கீழே கோணல்மாணலாக: "பரிசீலித்தாயிற்று, மன்னித்தாயிற்று. வலது கை முறிந்ததால் இது இடது கை எழுத்து. அடுத்து, பக்கம் 212, மூன்றாவது சொல்."
புத்தகம் அச்சுக்குப் போய் நாலு நாள் ஆகிறது, பாவி மனுஷா!
மணி பன்னிரண்டு. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் 212-ஐத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.