தலையணைகளை நான்தான் எடுத்தேன்

தாராவி, மும்பை
வெள்ளிக்கிழமை

பாசத்துக்குரிய மதினிக்கு, உங்கள் தம்பி மனைவி நஸீரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஃபோனில் திட்டி முடித்ததும் வைத்துவிட்டீர்கள். எனக்குப் பேச இடமே கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். மகள் அஃப்ஷா இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆகவே தைரியமாக எழுதலாம்.

சான்பாடாவில் இருக்கும் நம் சொந்தக்காரப் பெண் சஃப்ரீன் இங்கே வந்து பார்த்துவிட்டு உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மைதான். பக்கவாதம் வந்த மனிதனின் தலையணைகளை எடுத்தேன். டீயைத் தள்ளி வைத்தேன். அவர் சாய்ந்தபோது சும்மா இருந்தேன். ஏன் என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

நலம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு தலையணையை முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பாசம்தான். மூன்று மாதத்தில் ஏழு தலையணை. நடுவில் உங்கள் தம்பி, பெட்டியில் அடுக்கிய ஆப்பிள் மாதிரி. சுனாபட்டியிலிருந்து வரும் பிசியோதெரபி பெண் கோகிலவாணி முதல் நாளே எல்லாவற்றையும் அப்புறப்படுத்தச் சொன்னாள். கை காலுக்கு முன்னால் நடு உடம்பு நிமிர வேண்டுமாம். முட்டுக் கொடுக்கக் கொடுக்க அது தன் வேலையை மறந்துவிடுமாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பலமில்லாத இடது பக்கம் சாய்ந்து, தானாகவே நிமிர வேண்டும். அதற்குத்தான் டீயை அந்தப் பக்கம் வைத்தோம். உங்கள் தம்பி வீறாப்பு தெரியுமே, நாலு நாள் டீயே வேண்டாம் என்றுவிட்டார்.

ஐந்தாம் நாள் கோகிலவாணி அங்கே தன் கைப்பையை வைத்தாள். அசல் தோல் என்று சொல்லி விற்றார்களாம். முப்பது வருஷம் தோல் பட்டறை நடத்தியவர் சும்மா இருப்பாரா? சாய்ந்து, வலது கையை நீட்டி விளிம்பைத் தடவிப் பார்த்து, நிமிர்ந்து உட்கார்ந்து, "இது தோல் இல்லம்மா, ரெக்சின். ஒன்ன நல்லா ஏமாத்திட்டான்" என்றார். ஏமாந்தவள் கை தட்டினாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்றிலிருந்து சந்துப் பெண்கள் பையோடுதான் வருகிறார்கள். பக்கத்து வீட்டு இசக்கிசெல்வியின் பையில் குறை கண்டுபிடிக்க மட்டும் ஆறு முறை சாய்ந்து நிமிர்ந்தார். அவள் இப்போது எங்களோடு பேசுவதில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் தொடாமல் கையை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். இன்று பத்து நிமிடம் முட்டில்லாமல் இருந்தார்.

அஃப்ஷாவின் நிக்காஹுக்குப் பதினாறு நாள்தான் இருக்கிறது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பெண்ணை ஒப்புக்கொடுக்கும்போது இவர் சபையில் விழுந்தால் அவமானம், உங்கள் வீட்டுக்கார அண்ணனே கை கொடுக்கட்டும் என்றீர்கள். அதை இவரிடம் சொன்னேன். "எம் பிள்ளைக்கு நாந்தான் கை கொடுப்பேன்" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார். நோய் வந்த நாளில்கூட அவர் அழவில்லை.

நிக்காஹ் சபையில் நாற்காலியில்தான் உட்காருவார். ஆனால் கை கொடுக்க முன்னால் குனிய வேண்டும். அப்போது பிடிமானம் கிடையாது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

அவசியம் வாருங்கள், மதினி. கொண்டுவருவதாகச் சொன்ன இலவம்பஞ்சுத் தலையணையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனை இவருக்கு இடது பக்கம் உட்காரச் சொல்லுங்கள். சாய்ந்ததும் பாய்ந்து பிடிக்க வேண்டாம்; திரும்பி வருவார். வராவிட்டால் மட்டும் பிடிக்கட்டும். நானும் நீங்களும் பெண்களோடு திரைக்கு இந்தப் பக்கம் இருப்போம். அன்று ஒரு நாள் மட்டும் என்னால் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்க முடியாது. துஆ செய்யுங்கள்.

உங்கள்
நஸீரா