சர்வேயர் துரையின் இன்ஜினும் நான் ஏறாத ரயிலும்

1907 மார்ச் 3, ஞாயிறு
காலையிலிருந்து காற்று. தங்கச் சுரங்கத்துச் சயனைடு மண்மேட்டுத் தூசி கண்ணெல்லாம். கோயிலில் ஆராதனை முடிந்து வந்தால் வாசலில் இரண்டு கூலி ஆட்கள், சாக்கில் கட்டிய இன்ஜின். சர்வேயர் துரையின் மோட்டார் சைக்கிளுடையது. சொந்த வேலைக்கு ஒர்க்‌ஷாப்பைத் தொடக் கூடாதாம், அதனால் என் தட்டி வீடு. போன வாரம் அவர் கீழ் வேலை பார்க்கும் சின்ன துரை பிரித்து மாட்டினாராம். அதற்குப் பிறகு சாம்பியன் ரீப்ஸ் மேட்டில் ஏறாமல் திணறுகிறது. புகைக்குழாய் பழுக்கக் காய்கிறது.
சனிக்கிழமைக்குள் வேண்டுமாம். பாலகாட் சுரங்கத்தில் தலைமை பிட்டர் வேலை காலி, என் பெயரை எழுதுவதாகத் துரை சொல்லியனுப்பினார். எஸ்தரிடம் சொன்னேன். சிரித்தாள்.

மார்ச் 4, திங்கள்
முதல் ஷிப்ட். வீடு திரும்பினால் குடியாத்தத்திலிருந்து மச்சான் தாசு. மாமியாருக்கு உடம்பு மோசம்.
“மாமா, அம்மா உங்களத்தான் கேட்டுனே கீது. இப்பவே பொறப்படுங்க.”
சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.
எஸ்தர்: “எங்கம்மாவா, தொர வண்டியா? இன்னா சொல்றீங்க?”
இன்ஜின் பக்கம் திரும்பினேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தம்பியோடு சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டாள்.
எனக்குக் காலரா வந்தபோது லைன் வீடுகளில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த அம்மாள்தான் பதினொரு நாள் பக்கத்தில் இருந்து துடைத்துப் போட்டது. எழுதக் கை கூசுகிறது.

மார்ச் 5, செவ்வாய்
சோறு பொங்கவில்லை. பன், டீ.
மூடியைக் கழற்றினேன். சின்னப் பல்சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று. பெரியதோடு இருக்கும் கேம் என்ற புடைப்புதான் புகையை வெளியே விடும் வால்வைத் தூக்குகிறது. பற்கள் சேரவேண்டிய இடத்தில் புள்ளி அடையாளம் இருக்கும். இதில் இல்லை. யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள். யாரென்று தெரியும். கேட்க முடியாது.

மார்ச் 6, புதன்
பிளக் துளையில் சைக்கிள் கம்பி விட்டு பிஸ்டன் ஏறி இறங்குவதை அளந்தேன். வால்வுத் தண்டுக்கும் அதைத் தூக்கும் கம்பிக்கும் நடுவில் மெல்லிய காகிதத் துண்டு. காகிதம் இறுகும் நொடியில் வால்வு திறக்கிறது என்று அர்த்தம். பிஸ்டன் அடியைத் தொடுமுன் இறுக வேண்டும். இங்கே அடியைத் தொட்டு மேலே கிளம்பிய பிறகுதான் இறுகுகிறது. புகை உள்ளேயே மாட்டிக்கொள்கிறது.
குடியாத்தத்திலிருந்து சேதி இல்லை.

மார்ச் 7, வியாழன்
ஒரு பல் தள்ளி மாட்டினேன். போதவில்லை. இன்னொரு பல். சரி! நான்கு தடவை சுற்றிப் பார்த்தேன், நான்கு தடவையும் ஒரே இடத்தில் இறுகியது. புதுப் புள்ளி அடித்தேன். “எஸ்தர்” என்று கூப்பிட்டுவிட்டேன். காலி வீடு.

மார்ச் 8, வெள்ளி
மதியம் தந்தி. காலையில் மாமியார் காலமானார். நாளைக் காலை அடக்கம்.
துரை பங்களாவுக்கு ஓடினேன். சாயங்கால ரயிலைப் பிடித்தால் போய்ச் சேரலாம். இன்ஜினை வண்டியில் பூட்டி ஓட்டிக் காட்டிவிட்டுப் போ என்றார். கூலி ஆட்கள் என் வீட்டிலிருந்து இன்ஜினைத் தூக்கிவர, பூட்டினேன். பெல்ட் அறுந்தது. புது பெல்ட் வர ஒரு மணி நேரம். ஸ்டேஷன் பக்கம் விசில் கேட்டது. கையில் ஸ்பானர்.

மார்ச் 9, சனி
இந்நேரம் மண் போட்டிருப்பார்கள்.
வண்டி மேட்டில் ஏறியது. துரை தொப்பியை ஆட்டினார். சின்ன துரை பக்கத்தில் நின்று, லேசான அழுக்குதான், அன்றே சொன்னேனே என்றார். இரண்டு பேரும் சிரிப்பு.
பாலகாட் வேலை பற்றிக் கேட்டேன். அது புதன்கிழமையே வேறு ஆளுக்குப் போய்விட்டதாம். ஏன் சொல்லவில்லை என்றேன். நீ கேட்கவில்லையே என்றார்.
கேட்டிருந்தால் வியாழனே ரயில் ஏறியிருப்பேன். ஏறியிருப்பேனா?

மார்ச் 12, செவ்வாய்
எஸ்தர் வந்தாள். தாசு மூட்டையை வாசலில் வைத்துவிட்டு என் முகத்தைப் பாராமல் திரும்பிவிட்டான்.
அடுப்பைப் பற்றவைத்தபடி சொன்னாள்: “ரயில் சத்தம் கேக்கறப்பல்லாம் அம்மா, மாப்ள வந்துட்டாருன்னும். நாங்களும் ஆமாம்மான்னோம்.”
மன்னித்துக்கொள் என்றேன். குழந்தையின் சட்டையை மாற்றத் தொடங்கினாள்.
அப்போது பங்களா பியூன்: “தொர கூப்பிடறாரு. இன்னொரு தொரையும் வண்டி வாங்கிக்கீறாராம், வந்து பாக்கணுமாம்.”
எஸ்தர் நிமிராமல், “போங்க,” என்றாள்.
போனேன்.