கட்டுத்தரையைத் தேடி வந்தவர்கள்

செல்லச் சாமி தமிழினிக்கு அப்பத்தா சென்னியம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே உன் அப்பன், அம்மா, தம்பி, நான், மாடு கன்று எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அங்கே தூத்துக்குடித் தண்ணீருக்கு முடி கொட்டுகிறது என்றாயே, இப்போது எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. போனில் பேசினால் உன் அப்பன் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறான், அதனால்தான் கடுதாசி. ஐந்தாவது வரை படித்த எழுத்து, பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

நீ கல்லூரி மலரில் எழுதியதை உன் தம்பி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான், இரண்டு தடவை படித்தேன். நீ டாக்டருக்குப் படிக்கப் போனதற்கு உன் புத்தி மட்டும் காரணமில்லை, அப்பனுடைய போர்வெல் போடும் ரிக் வண்டிகள் ஓடிய காசு, தனி அறை, முதல் தடவை மார்க் வராதபோது இன்னொரு வருசம் உட்கார்ந்து படிக்க முடிந்த வசதி, இதெல்லாம்தான் என்று எழுதியிருக்கிறாய். கோச்சிங் சென்டர்காரர்கள் பேனரில் உன்னை ஏழைக் கூலியின் மகள் என்று போட்டிருப்பது பொய் என்றும் எழுதியிருக்கிறாய். மேடையில் வாசித்தபோது எல்லோரும் கைதட்டினார்களாம். எனக்குப் பெருமைதான், பக்கத்துக் காட்டுப் பூவாத்தாளை உட்காரவைத்து முழுதும் படித்துக் காட்டினேன். ஆனால் சாமி, அந்தக் கைதட்டு கெங்கவல்லி வரைக்கும் கேட்கவில்லை. பேனர் அங்கேயும் தொங்குகிறது.

போன வியாழக்கிழமை உச்சி வெயிலில் ஓர் ஆளும் ஒரு பெண்ணும் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தார்கள். அந்த ஆள் பேர் சின்னண்ணன், கெங்கவல்லிப் பக்கம் குச்சிக்கிழங்கு பிடுங்கும் கூலி. மகள் பேர் ரஞ்சனி, அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஒரு தடவை டாக்டர் பரீட்சை எழுதி மார்க் போதாமல் வீட்டில் இருக்கிறாள். பேனரைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அதில் இருந்த ஊர்ப் பேரைச் சொல்லி வழி கேட்டு வந்திருக்கிறார்கள். நம் வீட்டைத் தாண்டிப் போய் நேராக மாடு கட்டும் கட்டுத்தரை முன்னால் நின்று, அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேனருக்குப் படம் எடுக்க வந்தவர்கள் அங்கேதானே என்னை மாட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றார்கள், தோடு மினுங்குகிறது என்று கழற்றச் சொன்னார்கள். கீழே என்ன எழுதப்போகிறார்கள் என்று யாருக்குத் தெரியும். நான் போய் யாருங்க என்று கேட்டதும் அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெடுத்துக் கும்பிட்டார். இந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை டாக்டருக்குப் போயிருக்கிறது, அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, இருக்கிற துண்டு நிலத்தை எழுதிக் கொடுத்து மகளையும் அதே சென்டரில் சேர்த்துவிடுவது என்று வந்திருக்கிறார். மறுநாள் பத்திரத்தில் கையெழுத்தாம்.

உன் அம்மா வாசலில் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். அவளையும் குறை சொல்ல முடியாது, பேனருக்கு ஒத்துக்கொண்டதால்தான் உன் தம்பிக்கு அங்கே பீஸில் பாதி தள்ளுபடி. நான் வந்தவர்களை வீட்டுக்குக் கூட்டி வந்து மோர் கொடுத்து, மாடிக்குக் கூட்டிப் போய் உன் அறையைத் திறந்துவிட்டேன். இதுதான் அவள் படித்த இடம், அதுவும் இரண்டு வருசம் என்று சொன்னேன். சின்னண்ணன் உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். அந்தப் பிள்ளை ஏசியைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்க்கவில்லை, புத்தக அலமாரியைப் பார்த்துக்கொண்டே, அக்கா முதல் தடவை எத்தனை மார்க் என்று கேட்டாள். சொன்னேன். அவள் எடுத்தது அதைவிட அதிகம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னண்ணன் சிரிக்கவில்லை. "அப்ப எங்கள மாதிரி ஊட்ல இருந்து யாருமே போவலீங்களா, அதுவே பொய்யிங்களா?" என்று கேட்டார். போயிருப்பார்கள் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது, தெரியாமல் சொன்னால் அது நான் வைக்கிற பேனர். பேத்தியைக் கேட்டுச் சொல்கிறேன், அதுவரை கையெழுத்துப் போட வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். உன் புத்தகங்களை இரண்டு கட்டைப்பையில் போட்டு ரஞ்சனியிடம் கொடுத்தனுப்பிவிட்டேன், உன்னைக் கேட்கவில்லை.

சாயங்காலம் உன் அப்பன் வந்து குதித்தான். "ஊரெல்லாம் இப்படித்தான் வெக்கறான், உன்ற ஒரு மூஞ்சியால என்னாத்தா ஆயிப்போவுது?" என்றான். மூஞ்சி என்னுடையது, எடுக்கச் சொல் என்றேன். இரண்டு நாள் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு திரிந்தான். இன்று காலையில்தான் சென்டருக்குப் போன் போட்டிருக்கிறான். என்னை மட்டும் எடுத்துவிடுவார்களாம், மாடும் நீயும் அப்படியே இருப்பீர்களாம். மாடு பேசாது, உன் முகத்துக்கு நீதான் எழுதிக் கேட்க வேண்டும். கேட்டால் தம்பியின் தள்ளுபடி போகும், அது தெரிந்தே கேள். அப்பன் திட்டுவான், திட்டட்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உன் கூடப் படிக்கிறவர்களில், நிஜமாகவே கூலிக்காரர் வீட்டிலிருந்து வந்த பிள்ளை இருக்கிறதா என்று பார். இருந்தால், எங்கே படித்தது, யார் சொல்லிக்கொடுத்தார்கள், எதில் சறுக்கியது என்று அந்தப் பிள்ளையையே ரஞ்சனியிடம் பேசச் சொல். பேச விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதே, அதையும் ஒரு படமாக்கிவிடாதே. நீ நடுவில் புகுந்து உன் வருத்தத்தைச் சொல்லிக்கொண்டிருக்காதே, அவளுக்கு நேரமில்லை. ஒருவரும் இல்லை என்றால் சின்னண்ணனுக்கு நீயே போன் போட்டு இல்லை என்று சொல். நம்பர் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி கண் முழிக்காதே. நோய் நொடி இல்லாமல், நாலு பேருக்கு ஆகிறவளாக இரு சாமி. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடு. அந்த ஆள் நிலத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

இப்படிக்கு உன் அப்பத்தா,
சென்னியம்மாள்