டாக்டரம்மாவுக்காகக் குறைத்தெழுதிய பிரஷர்

ஏப்ரல் 6, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் கண்ணைக் குத்துகிறது. சனிக்கிழமை விரிசல் விட்ட கடைவாய்ப் பல் இன்னும் வலி. கல்லைக் கடித்திருப்பேன் என்கிறார் என் வீட்டுக்காரர். தயிர் சாதத்தில் ஏது கல்? பல் டாக்டர் சொன்னது: "பொழுதுக்கும் தாடையை இறுக்கிட்டே இருக்கறீங்க. உங்களுக்கே தெரியறதில்லைங்க." பிரஷரும் பார்த்துவிட்டு, உடனே பொது டாக்டரிடம் போகச் சொல்லிவிட்டார்.

போனேன். டாக்டரம்மா தங்கமான மனுஷி. அவ்வளவு கூட்டத்திலும் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். நாள்பட்ட வெசனம் உடம்பில் எங்கெல்லாம் போய் உட்காரும் என்று சொன்னார். தினம் ஒரு மாத்திரை. காலையும் மாலையும் வீட்டில் பிரஷர் பார்த்துப் பச்சை நோட்டில் எழுத வேண்டும். அடுத்த திங்கள் காட்ட வேண்டும்.

இது வேறு நோட்டு. எனக்கு மட்டும்.

இப்போதைக்கு ரிப்பேர்: பல். பின்கழுத்து கட்டையாக. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. விலக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. இடது இமை துடிப்பு. நெஞ்செரிச்சல். நேற்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன், பாத்திரமே கருகிவிட்டது.

மாலை 162/102. பச்சை நோட்டைத் திறந்தேன். கை ஓடவில்லை. அவ்வளவு அக்கறையாகப் பேசிய மனுஷியிடம் போய், உங்கள் மாத்திரை கேட்கவில்லை என்று முகத்தில் அடித்த மாதிரி எப்படி எழுதுவது? 136/88 என்று எழுதினேன். ஒருநாள்தானே.

ஏப்ரல் 8, புதன்

ஒரு நாளில் எழுபது போன். மோட்டார் கம்பெனியில் புகார் டெஸ்க். மூன்று பேர் பார்த்த வேலை, பொங்கலிலிருந்து நான் ஒருத்தி. மேனேஜர் எட்டிப் பார்த்து, "சாந்தி, நாலு ரிங்குக்குள்ள எடுத்துருங்க" என்றார். இன்னும் இரண்டு காது வாங்கிக் கொடுய்யா என்று வாய் வரை வந்தது. "சரிங்க சார்" என்றேன்.

கிணறு வற்றும் காலம், கரண்டிலும் பலம் இல்லை, மோட்டார் மோட்டாராகப் புகைகிறது. திட்டுகிறார்கள். நான் 'ங்க' போட்டுப் போட்டே சாகிறேன். அதிலும் எல்லோரும் ஒரே புளுகு. ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி, கரண்ட் சரியில்லை என்றால் மோட்டாரை நிறுத்திவிடும். தண்ணீர் நின்றுபோகிறதே என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக ஓட்டுவது. உள்ளே கம்பிச் சுருள் கருகினதும், வாரன்டிக்காக, "ரிலே இருந்துச்சுங்க." மீட்டரில் எத்தனை வோல்ட் காட்டியது என்று கேட்டால், "நானூறுங்க." நானூறாம்! நானூறு இருந்தால் மோட்டார் ஏன் கருகுகிறது? என்ன கெரகமோ, மீட்டரைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ.

காலை 164/100. பச்சை நோட்டில் 130/84.

ஏப்ரல் 10, வெள்ளி

இவர் பச்சை நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா, எறங்கிப்போச்சு! நாந்தான் சொன்னேன்ல, ஒண்ணுமில்லைன்னு."

"ஆமாங்க."

"அப்ப சித்திரை ஒண்ணுக்கு அக்கா ஊட்டுல எல்லாத்தையும் வரச் சொல்லிப்போடறேன்."

பன்னிரண்டு பேர். அழுகை வந்தது. வெங்காயம் நறுக்கப் போனேன்.

மாலை 170/104. எழுதியது 126/82.

ஏப்ரல் 13, திங்கள்

டாக்டரம்மா பிரஷர் பார்த்தார், 158. நெற்றியைச் சுருக்கினார். பச்சை நோட்டைப் பார்த்ததும் சுருக்கம் போய்விட்டது.

"வீட்டுல இவ்வளவு நல்லா இருக்குதே! சிலருக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தாலே பயத்துல ஏறிக்கும். வீட்டு ரீடிங்கைத்தான் நான் நம்புவேன். மாத்திரை பாதி போதும். எப்படி இருக்கீங்க?"

"நல்லாருக்கேனுங்க டாக்டர்."

வண்டி நிறுத்தும் இடம் வரை வந்துவிட்டேன். திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? ஒரு வாரம் உங்களிடம் பொய் எழுதினேன் என்றா? வெட்கம் பிடுங்கித் தின்கிறது. பாதி மாத்திரைதான் போட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

புத்தாண்டு. ஒறம்பரை வந்தாயிற்று, பன்னிரண்டு பேரும். வடை, பாயசம், பந்தி இரண்டு. "சாந்தி, முகமே வாடிக் கெடக்குது?" என்று நாத்தனார். "வெயிலுங்க அண்ணி." பிரஷர் பார்க்கவில்லை. பயம்.

ஏப்ரல் 15, புதன்

கை இன்னும் முழுசாக என் வசத்தில் இல்லை. எழுத்து கோணல்.

பதினொரு மணிக்கு சத்தியமங்கலத்திலிருந்து போனில் ஒரு விவசாயி. வாழைக்குத் தண்ணீர் இல்லை, மோட்டார் புகைந்துவிட்டது. கம்பெனியை, என்னை, பரம்பரையை எல்லாம் திட்டினார். வழக்கம்போல் கேட்டேன், ரிலே இருந்ததா? "இருந்துச்சுங்க, கண்ணாணைங்க." மீட்டரில்? "நானூறு." சரிங்க ஐயா என்று சொல்லப் பார்த்தேன். வாய் வரவில்லை. நாக்கு தடித்துப்போய்க் கிடந்தது. வலது கையில் பேனா நழுவியது.

என் பதில் வராததும் அவர் குரல் இறங்கியது.

"அம்மணி... கண்டுபுடிச்சுப்போட்டீங்களாட்ட இருக்குது. சரி, உள்ளதைச் சொல்லிப்போடறேன். ரிலேவைக் கழட்டிப்போட்டுத்தான் ஓட்டினேன். மீட்டரு முந்நூறுக்கு மேல ஏறவே இல்லீங்க. வாழை காயுதேன்னு... கோவிச்சுக்காதீங்க."

பதிலுக்கு என் வாயிலிருந்து குழறல்தான் வந்தது.

"ஏனுங்க அம்மணி? உடம்புக்கு ஏதுங்களா? பக்கத்துல ஆரையாச்சும் கூப்புடுங்க!"

பத்து நிமிடத்தில் நாக்கு திரும்பிவிட்டது. மேனேஜர் தண்ணீரோடு நின்றார். வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொன்னார். படுக்கவில்லை. இவருக்குப் போன் போட்டேன், "வண்டி எடுத்துட்டு வாங்க, ஆஸ்பத்திரிக்கு" என்றேன். "பிரஷர் நல்லாத்தானே..." என்று ஆரம்பித்தார். "இல்லீங்க. புளுகு" என்றேன். கால்மணி நேரத்தில் வண்டியோடு வந்து நின்றார்.

டாக்டரம்மா ஓடி வந்தார். 188/112. ஸ்கேனுக்குச் சொல்ல ஆள் போயிருக்கிறது. இவர் வாசலில், கையில் என் செருப்போடு.

"நோட்டுல எல்லாம் நல்லா இருந்துதே! இப்ப எப்படி இருக்கீங்க, சொல்லுங்க."

நல்லாருக்கேனுங்க என்று நுனிநாக்குவரை வந்துவிட்டது.

"நல்லா இல்லீங்க டாக்டர்" என்றேன். பையிலிருந்து இந்த நோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

முதல் பக்கத்திலிருந்து படித்தார். திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு ரீடிங்கை நீங்களே எழுதுங்க" என்று திருப்பித் தந்தார். எழுதிக்கொண்டிருக்கிறேன். பகல் 1.40. 188/112.